சிறுவாட்டுக் காசும் அர்பத்நாட் திவாலும்

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. தீபாவளி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. காவிரிப் படுகையில் குறுவை அறுவடை முடிந்து நெல் களத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்க்கொண்டிருந்த ஐப்பசி மாதத் தொடக்கம். அன்று சென்னைக் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் அண்ட் கம்பெனி கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லத்தூர் என்பவர் தொடங்கிய வணிக நிறுவனத்தின் வழியில் வந்த கம்பெனி அது. 19ஆம் நூற்றாண்டு முழுக்க பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று பெயர்களும் சென்னையில் சேர்ந்தே உச்சரிக்கப்பட்டன. மூன்றில் அசையாத மலை அர்பத்நாட்தான் என்று ஊர் நம்பியது. அந்த மலைதான் சரிந்தது.

இந்தக் கதையைப் பொருளாதார வரலாற்று நூல்களில் நாம் படித்திருக்கலாம். வெள்ளைக்காரக் கம்பெனி ஏமாற்றியது. கொதித்தெழுந்த இந்தியத் தலைவர்கள் சுதேசி வங்கி கண்டார்கள். இந்தியன் வங்கி பிறந்தது. ஒரு வீழ்ச்சி, ஒரு எழுச்சி, நடுவே சில பெரிய மனிதர்கள். கதை அத்துடன் முடிந்துவிடும்.

அந்தக் கதையில் பெண்கள் ஒரே ஒரு இடத்தில் வருவார்கள். ‘விதவைகளும் அனாதைகளும் கூடத் தங்கள் சேமிப்பை இழந்தார்கள்’ என்ற வாக்கியத்தில். அந்த ‘கூட’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திப் பார்ப்போம். யார் அந்த விதவைகள்? அவர்கள் கையில் பணம் எப்படி வந்தது? நிலத்தைச் சொத்து என்று நம்பிய ஊரில், அது ஏன் ஒரு வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்துக்குள் போனது? போன பணம் சட்டத்தின் கண்ணில் யாருடையது? இவற்றைக் கேட்டால், ஒரு கம்பெனியின் திவால் நமக்கு வேறு ஒரு வரலாற்றைக் காட்டும்.

பெண்ணின் பணத்துக்கு எத்தனை பெயர்கள்

தமிழில் பெண்ணின் பணத்துக்குத் தனிப் பெயர்கள் உண்டு. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் புடவை மடிப்பிலும் ஒளிந்திருப்பது சிறுவாடு. மோர் விற்றது, முட்டை விற்றது, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் சேரும். ‘சிறு’ என்ற அடைமொழியோடுதான் அது பிறக்கிறது. வீட்டு ஆண்களுக்குத் தெரியாதவரை மட்டுமே அது அவளுடையது.

பிறந்த வீட்டிலிருந்து வருவது சீதனம். வடமொழிச் சட்ட நூல்களின் ஸ்திரீதனம் என்ற சொல் ஆங்கில நீதிமன்றங்களில் ஒரு சட்டப் பிரிவாகவே ஆனது. நிலமுள்ள தஞ்சாவூர்க் குடும்பங்களில் மகளின் மஞ்சள் செலவுக்கு என்று கொஞ்சம் நிலம் எழுதி வைப்பார்கள். அது மஞ்சள்காணி. காணி அவள் பெயரில் இருக்கும். குத்தகை நெல்லை அளந்து வாங்குவதும் விற்பதும் வரவு வைப்பதும் கணவனோ அண்ணனோ காரியஸ்தரோ.

கணவன் இறந்த பிறகு கிடைப்பது ஜீவனாம்சம். பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்துவிட்டால், அவன் பங்கு மற்ற ஆண்களைச் சேர்ந்துவிடும். விதவைக்குச் சோறு, துணி, தங்க இடம் கேட்கும் உரிமை மட்டும்தான். குடும்பம் பிரிந்திருந்து, ஆண் வாரிசு இல்லாமல் சொத்து அவளுக்கு வந்தாலும் அது ஆயுள் மட்டும் அனுபவிக்கும் சொத்து. சட்டம் ஒப்புக்கொள்ளும் அவசியம் இல்லாமல் அவளால் விற்க முடியாது. அவளுக்குப் பின் அது கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும்.

காவிரிப் படுகையில் செல்வம் என்றால் நிலம். நிலத்தோடு பெண்ணுக்கு இருந்த உறவோ இரவல் உறவு. அதனால்தான் நகையும் ரொக்கமும் அவளுக்கு அவ்வளவு முக்கியமாயின. அவை இடம் மாறும், ஒளித்து வைக்கலாம், வட்டிக்கு விடலாம். தெருவில் நாலு பேருக்குக் கைமாற்றுக் கொடுத்து வட்டி வாங்கிய பாட்டிகள் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இருந்திருக்கிறார்கள். வரலாறு அவர்களை ‘வட்டிக்காரக் கிழவி’ என்று கேலி செய்தது. முதலீட்டாளர் என்று அழைக்கவில்லை.

பெண் பணத்தை வட்டிக்கு வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ராஜராஜனின் தமக்கை குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பணம் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு வட்டி கட்ட வேண்டும், அதில் என்ன செலவு நடக்க வேண்டும் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். யாரும் போய்ப் படிக்கலாம். குந்தவை அரசகுலத்துப் பெண். அவள் வசதி எல்லாப் பெண்களுக்கும் இருந்ததில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கியவர்களின் கணக்கு கல்லில், வெளிச்சத்தில் இருந்தது. 900 ஆண்டுகள் கழித்து அர்பத்நாட்டில் பணம் போட்ட பெண்ணுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை.

அரசியின் சொத்தும் தப்பவில்லை

வெள்ளைக்காரனிடம் சொத்தை ஒப்படைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கைக்குத் தஞ்சாவூரில் ஒரு கசப்பான முன்கதை உண்டு. 1855இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை, 1856இல் அரண்மனைக்குள் இருந்த தனிச் சொத்துகளையும் கைப்பற்றி முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். ஜான் புரூஸ் நார்ட்டன் அவருக்காக வாதாடினார். சென்னையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதை மாற்றியது. இது அரசின் இறையாண்மைச் செயல், நீதிமன்றம் இதற்குள் நுழைய முடியாது என்றது.

பிறகு 1862இல் அரசாங்கம் சொத்தை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. அப்படிக் கொடுத்தது சலுகையாகத்தான். ஒரு ராணி வழக்காடியும் உரிமையாகக் கிடைக்காத ஒன்று, கருணையாகக் கிடைத்தது. பெண்களின் சொத்து வரலாற்றில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும். உரிமை என்றால் கேட்டு வாங்கலாம். கருணை என்றால் காத்திருக்க வேண்டும்.

பணம் சென்னைக்குப் போன வழி

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. பிறகு தஞ்சாவூரும் கும்பகோணமும் மாயவரமும் சென்னையோடு தண்டவாளத்தால் இணைந்தன. படித்த தஞ்சாவூர்க் குடும்பங்களின் ஆண்கள் வக்கீல்களாகவும் முன்சீப்புகளாகவும் குமாஸ்தாக்களாகவும் சென்னைக்குப் போனார்கள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் காவிரிக் கரையின் நீட்சிகளாயின. நெல் விற்ற பணமும் சம்பளப் பணமும் பென்ஷன் பணமும் நகரத்தில் ஒதுங்க இடம் தேடின.

இடங்கள் இல்லாமல் இல்லை. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி இருந்தது. அது அரசாங்கத்தோடும் பெரிய வியாபாரிகளோடும் உறவாடிய வங்கி. 1882 முதல் தபால் நிலையச் சேமிப்பு வங்கி இருந்தது; பத்திரமானது, ஆனால் வட்டி குறைவு. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்ற நிதிகள் இருந்தன. கும்பகோணத்திலேயே 1904இல் கும்பகோணம் வங்கி பதிவானது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான். இவற்றுக்கு நடுவே அர்பத்நாட் நல்ல வட்டியும் கொடுத்தது, வெள்ளைக்காரக் கம்பெனி என்ற மதிப்பையும் வைத்திருந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சென்னை வர்த்தக சபையின் தலைவராக இருந்தவர். கவர்னர் மாளிகை விருந்துகளில் உட்காரும் மனிதர் கம்பெனியில் பணம் போவது எப்படி?

வட்டியை நம்பி வாழ்கிறவருக்கு அந்த அரை சதவீதம், ஒரு சதவீத வித்தியாசம் பேராசை அல்ல. ஜீவனாம்சத்துக்குப் பதிலாக ஒரே தொகை வாங்கிக்கொண்ட விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை அவள் தொட முடியாது, தொட்டால் கரைந்துவிடும். மாதாமாதம் வரும் வட்டிதான் அவள் அரிசி. வட்டி குறைந்தால் அவள் மறுபடியும் மைத்துனன் வீட்டு அடுக்களைக்குப் போக வேண்டும். உயர்ந்த வட்டி என்பது அவளுக்குத் தனி அடுப்பு. ஏமாந்தவர்களைப் பார்த்து ‘ஆசைப்பட்டார்கள், போனது’ என்று சொல்லும் வழக்கம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆசைக்கும் தேவைக்கும் உள்ள தூரத்தை அப்படிச் சொல்பவர்கள் அளந்ததில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. 1901 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவருக்குள்ளும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மிகச் சிலர். கம்பெனியின் ரசீதோ ஆங்கிலத்தில். ஆகவே பணம் அண்ணன், மாப்பிள்ளை, குடும்ப வக்கீல் கை வழியாகத்தான் போகும். வட்டியும் அதே கை வழியாகத்தான் வரும். எத்தனை வரவேண்டும், எத்தனை வந்தது என்று அவளுக்குத் தெரிய அந்தக் கை நேர்மையாக இருக்க வேண்டும்.

மனைவி பேரில் கணவன் போட்டு வைக்கும் பணம் என்று ஒன்றும் உண்டு. இதை பினாமி என்பார்கள். வேறொருவர் பெயரில் சொத்து வாங்கினால், பணம் கொடுத்தவருக்கே அது சொந்தம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை பிரிவி கவுன்சில் 1854இல் உறுதி செய்தது. அதனால் ரசீதில் பெண் பெயர் இருப்பதே அவள் பணம் என்பதற்குச் சான்றாகாது. இந்தியாவில் 1874இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டமும் இந்துப் பெண்ணுக்கு உதவவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

போட்ட பணம் யாருடையது?

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைப் புரிந்துகொள்வது நல்லது. இன்றும் நம்மில் பலருக்கு இது தெரியாது. வங்கியில் பணம் போட்டால், அந்தப் பணம் அங்கே நமக்காகக் காத்திருக்கிறது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1848இல் ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்னது இதுதான்: வங்கியில் போட்ட கணத்தில் அந்தப் பணம் வங்கியுடையது ஆகிவிடுகிறது. போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர், அவ்வளவே.

நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி ஒருவரிடம் கொடுத்தால், அது நம் நகை. அவர் நொடித்துப் போனாலும் பெட்டியை எடுத்துக்கொண்டு வரலாம். அதே நகையை விற்று அந்தப் பணத்தை அவரிடம் போட்டால், அவர் நொடித்த அன்று நாமும் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையிலும் முன்னால் இடமில்லை. அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்கள் முதலில் தங்கள் பிணையை எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தில்தான் மற்றவர்களுக்குப் பங்கு. தங்கத்தைக் காகிதமாக்கிய பெண்ணிடம் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. நகையை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த கிழவிகளைப் ‘பத்தாம்பசலி’ என்று சிரித்தவர்கள், அந்தப் பிடிவாதத்துக்குள் ஒரு சட்ட அறிவு இருந்ததைப் பார்க்கவில்லை.

லண்டனில் நடந்தது

அர்பத்நாட் ஒரு கூட்டாளிகள் கம்பெனி. பங்குதாரர் கூட்டமோ கணக்கை வெளியிடும் கட்டாயமோ அதற்கு இல்லை. லண்டனில் பாட்ரிக் மக்ஃபாதியன் என்ற கூட்டாளி தன் பெயரிலேயே ஒரு கம்பெனி நடத்தினார். சென்னையில் சேர்ந்த டெபாசிட் பணம் அங்கே போய், ஊக வணிகத்தில் கரைந்தது. போட்டது திரும்பவில்லை, திரும்பாததை மறைக்க மேலும் பணம் தேவைப்பட்டது. பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்கப் புதிய டெபாசிட் வந்தாக வேண்டும். வெளியே கட்டடம் அப்படியே நின்றது. உள்ளே எப்போதோ உளுத்துவிட்டது.

அக்டோபர் மாதம் லண்டனில் மக்ஃபாதியன் ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அதையொட்டி சென்னையில் கதவு மூடியது. ஆயிரக்கணக்கானவர்களின் பணம் போனது. கோயில், தர்ம காரியம், பென்ஷன், கல்யாணம் என்று எதற்கெல்லாமோ ஒதுக்கிய பணம். சர் ஜார்ஜ் அர்பத்நாட் மேல் மோசடி வழக்கு நடந்தது. 1907இல் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ‘சர்’ பட்டம் பெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் சென்னையில் சிறைக்குப் போனது அந்நாளில் பெரிய செய்தி. இழந்தவர்களுக்கு அந்தச் செய்தியால் ஒரு வேளைச் சோறும் வராது.

நொடித்தவன் ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்தான் என்று தமிழில் ஒரு சொல்வழக்கு உண்டு. மகளின் மஞ்சளுக்கு என்று ஒதுக்கிய காசு மஞ்சள் கடுதாசியில் முடிவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும் கொடுமை.

உலகம் முழுக்க அதே வரிசை

இது நம் ஊரின் விசித்திரம் அல்ல. 1878 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர வங்கி விழுந்தது. அங்கே பங்குதாரர்கள் சுமார் 1,800 பேர். அவர்களில் மணமாகாத பெண்களும் விதவைகளும் ஏராளம். அந்த வங்கியில் பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. 100 பவுண்டு பங்கு வைத்திருந்த ஒவ்வொருவரும் 2,750 பவுண்டு கட்ட வேண்டும் என்று கேட்கப்பட்டது. பெரும்பாலோர் ஓட்டாண்டியானார்கள். வங்கியின் இயக்குநர்களுக்குக் கிடைத்தது சில மாதங்கள் முதல் ஒன்றரை ஆண்டு வரையிலான சிறை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1879இல் சாரா ஹவ் என்ற பெண் ‘பெண்கள் டெபாசிட் கம்பெனி’ தொடங்கினார். துணையில்லாத பெண்களிடம் மட்டுமே பணம் வாங்கினார். மாதத்துக்கு 8 சதவீத வட்டி! பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்கு வட்டி கொடுத்தார். அடுத்த ஆண்டே அது சரிந்தது. ஏமாற்றியதும் ஒரு பெண்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அவர் ஏன் தனித்த பெண்களைக் குறிவைத்தார் என்பது. சம்பாதிக்கும் வழி குறைந்தவர்கள், கணக்குக் கேட்கப் பழக்கப்படாதவர்கள், இழந்தாலும் வெளியே சொல்லக் கூசுபவர்கள். மூன்று குணமும் சமூகம் அவர்களுக்குக் கற்பித்தவை.

திவாலின் பிள்ளை

அர்பத்நாட் கடன்காரர்களின் சார்பில் நின்றவர்களில் முதன்மையானவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவிடைமருதூரில் 1863இல் பிறந்த வக்கீல். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பொய்யிலிருந்து மீள வழி நம் பணத்தை நாமே காக்கும் வங்கி என்று அவரும் நண்பர்களும் முடிவு செய்தார்கள். நகரத்தார் முதலும் துணை வந்தது. 1907 மார்ச் 5இல் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15இல் திறக்கப்பட்டது. அது பெரிய காரியம்தான். நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

ஆனால் நம் கேள்வியை விட வேண்டாம். விதவைகளின் கண்ணீர் அந்த வங்கிக்கு நியாயம் சேர்த்தது. விதவைக்கு அந்த வங்கியை நடத்துவதில் இடம் இருந்ததா? தொடங்கியவர்கள், இயக்குநர்கள், கணக்கர்கள் எல்லோரும் ஆண்கள். அரசாங்கம் 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கான திவால் சட்டத்தை மாற்றி எழுதியது. 1848இலிருந்து இருந்த பழைய சட்டம் போனது. கடன்காரரின் உரிமை கொஞ்சம் தெளிவானது. பெண்ணின் சொத்துரிமை அப்படியே கிடந்தது. பெண்ணின் துயரம் சீர்திருத்தத்துக்குப் பயன்பட்டது. சீர்திருத்தம் அவளுக்குப் பயன்பட இன்னும் பல காலம் ஆயிற்று.

அதே ஆண்டுகளில் வேறு ஒரு விடையும் உருவாகிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் மாவட்டத்து ரிஷியூர்க் குடும்பத்தைச் சேர்ந்த சுப்புலட்சுமி, குழந்தையிலேயே விதவையானவர், 1911இல் பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டு இளம் விதவைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். அங்கே தங்கியவர்கள் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். வட்டியை நம்பிய பெண்ணுக்கும் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வங்கி விழுந்தால் முதலாமவளிடம் எதுவும் மிஞ்சாது. இரண்டாமவளுக்கு அடுத்த மாதச் சம்பளம் உண்டு. சகோதரி சுப்புலட்சுமி செய்ததை நாம் கல்விப் பணி என்கிறோம். அது பெண்களுக்கான பொருளாதாரப் பணியும்தான்.

கணக்கில் வராத பெண்கள்

அர்பத்நாட்டில் இழக்க ஏதாவது இருந்தவர்கள்தான் இழந்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயரையே கேள்விப்படாத பெண்கள் அந்த ஐப்பசியிலும் சேற்றில் நின்று சம்பா நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மிராசுதாரரின் பண்ணையாள் குடும்பத்துப் பெண்ணுக்குக் கூலி நெல்லாகத்தான். அளக்கும் மரக்கால் மிராசுதாரருடையது; அளப்பவர் அவருடைய ஆள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அவள் குடும்பத்தைப் பண்ணையோடு கட்டியிருந்தது. அந்தக் கடன் தந்தையிலிருந்து மகனுக்கு இறங்கியது. அவளுடைய வங்கி மிராசுதாரரின் களஞ்சியம். அது எந்த நாளும் அவளுக்குத் திறக்காத வங்கி.

வேளாளத் தெருவிலோ அக்ரகாரத்திலோ இருந்த விதவையின் டெபாசிட், கடைசியில் இந்த நெல்லிலிருந்து வந்தது. நட்டவள் கைக்கு வராத மிச்சம்தான் மேலே ஏறிக் குத்தகையாகி, மஞ்சள்காணியாகி, ரசீதாகி லண்டனுக்குப் போனது. இரண்டு பெண்களும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். ஆனால் ஒரே துயரம் அல்ல. பண்ணையாளுக்கு ஓரளவு பாதுகாப்பு தந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது. அதுவும் ஊர் ஊராக நடந்த விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகே. ‘பெண்கள் இழந்தார்கள்’ என்று எழுதும்போது எந்தப் பெண்கள் என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ஆச்சியின் பற்றுவரவு

தமிழ்நாட்டிலேயே வேறு ஒரு முறையும் நடந்துகொண்டிருந்தது. செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் பெண்ணின் சீதனப் பணம் கடையில் அவள் பேரில் தனி வரவாக எழுதப்பட்டது. வட்டி சேர்ந்து பெருகியது. காவிரிப் படுகையிலிருந்து பர்மா, மலாயா வரை கடன் கொடுத்த நகரத்தார் கடைகளின் முதலில் ஆச்சிமாரின் பணமும் கலந்திருந்தது. அவள் பேர் கணக்கில் இருந்தது. கடையின் முடிவுகளில் அவள் குரல் இல்லை. 1930களின் பெருமந்தத்திலும் 1942இல் ஜப்பான் படையெடுப்பிலும் பர்மாக் கடைகள் சிதைந்தபோது அந்த வரவுகளும் அடிபட்டன. ஏட்டில் பேர் இருப்பது பாதி உரிமைதான். ஏட்டைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் முடிவது மறு பாதி.

சொந்தமாகச் சம்பாதித்துச் சொந்தமாகச் செலவழித்த பெண்களும் இருந்தார்கள். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், 1920களில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியது தன் கையிருப்பையும் நகையையும் கொண்டு. அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவர் சொத்துக்கு நடுவில் கணவனோ மைத்துனனோ நிற்கவில்லை. மரியாதைக்குரிய குடும்பப் பெண்ணுக்கு இல்லாத சொத்துரிமை, சமூகம் இழிவாகப் பேசிய பெண்ணுக்கு இருந்தது. ‘மரியாதை’யின் விலை என்ன என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு வந்தவை

1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்து, கணவன் சொத்தில் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அதுவும் ஆயுள் வரைதான். விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. செல்வமெல்லாம் நன்செயாக இருக்கும் தஞ்சாவூரில் நிலத்தை விட்டுவிட்டு எதைப் பங்கு கேட்பது? சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் போட்டு விவசாய நிலத்துக்கும் அதை நீட்டியது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் கையில் இருக்கும் சொத்தை அவளுக்கே முழுச் சொந்தமாக்கியது. 1989இல் தமிழ்நாடு மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுக்க அது வந்தது.

டெபாசிட் பக்கத்திலும் பாடம் மெதுவாகத்தான் ஏறியது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் 1961இல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாய் வரை. 2020 முதல் 5 லட்சம் வரை. அர்பத்நாட் கதவு மூடி 55 ஆண்டுகளுக்குப் பின். தனியார் நிதி நிறுவனங்கள் சரிந்து தமிழ்நாடு தவித்த பிறகு 1997இல் மாநில அரசு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

ஆனாலும் காப்பீட்டு வரம்புக்குள் வராத இடங்களில்தான் இன்றும் பெண்களின் சிறுவாடு போய்ச் சேருகிறது: நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, தெரிந்தவர் நடத்தும் ஏலச் சீட்டு, இரட்டிப்பாகத் தருகிறேன் என்று ஊருக்குள் வரும் கம்பெனி. அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்கு 1906இன் பதில் இன்றும் பொருந்தும். தெரிந்த முகம், வீட்டுக்கே வந்து வாங்கும் வசதி, வீட்டில் சொல்லாமல் போடக்கூடிய சிறு தொகை, தன் பெயரில் வேறு எதுவும் இல்லாத நிலை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: உங்கள் பெயரில் என்ன இருந்தது? அதை யார் வாங்கி வைத்திருந்தார்கள்? எப்போதாவது திருப்பிக் கேட்டீர்களா? கேட்டபோது என்ன சொன்னார்கள்? பதில்களைத் தேதி போட்டு, தொகை போட்டு எழுதி வையுங்கள். அர்பத்நாட்டின் கணக்கைத் திவால் நீதிமன்றம் ஆராய்ந்தது. அந்தக் கணக்குக்கு முன்னும் பின்னும் இருந்த பெண்களின் கணக்கை எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.